கொல்லைக்கோடியிலிருந்து உள்வீட்டுக்கு

செட்டிநாட்டு வீட்டின் பெருமையை நீளத்தில்தான் சொல்வார்கள். முன்தெருவில் முகப்பு, பின்கதவைத் திறந்தால் அடுத்த தெரு. நடுவில் பட்டாலை, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வெயிலும் நிழலும் மாறிமாறி வரும். நெற்குப்பையின் பெரிய வீடுகளும் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. உலகம் சுற்றிப் பயண நூல்களும், மாவட்டம் மாவட்டமாகத் தமிழ்நாட்டைப் பற்றியும் எழுதிய சோமலெ பிறந்த ஊர் இது. இந்த வீடுகளின் நீளத்தை வியந்து எழுதாத பத்திரிகை இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு கையில் டார்ச்சும், மறு கை சுவரிலுமாக அதே நீளத்தைக் கடந்து போகிற எண்பது வயதுக்காரர்களுக்கு அதில் வியக்க எதுவுமில்லை. கழிப்பறை கடைக்கோடியில் இருக்கிறது. போகிற வழியில் கட்டுக்குக் கட்டு ஒரு நிலைப்படி. நிலைப்படிக்கு நிலைப்படி ஒரு தடுக்கல்.

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஊரில் ஆச்சியும் ஐயாவும் மட்டும், அல்லது ஆச்சி மட்டும். லீவுக்கு வருகிற மகன் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சொல்வது ஒன்றுதான்: “முதல்ல பாத்ரூமை மாத்தணும்.” உடனே காரைக்குடிக்குக் கார் கிளம்புகிறது. கடையில் வரிசையாக வைத்திருக்கும் க்ளோசெட்டுகளில் எது என்று வீடே கூடிப் பேசுகிறது. வெள்ளையா, தந்த நிறமா, ஒன் பீஸா, டூ பீஸா, மூடி மெதுவாக இறங்குமா என்பதெல்லாம் தீர விசாரிக்கப்படுகிறது. குழாய் எந்த வழியாகப் போய் எங்கே முடிகிறது என்ற பேச்சை மட்டும் கொத்தனார் தலையில் விட்டுவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து அந்த வீடு நாறுமா நாறாதா என்பதை முடிவு செய்வது அந்தப் பேச்சுதான்.

தேக்கு வந்தது, பீங்கான் வரவில்லை

இந்த வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதிக்கும் 1930களுக்கும் இடையில் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிற்கப் போன இடங்களிலிருந்து பணமும் வந்தது, பொருளும் வந்தது. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. கப்பல் சாமான் பட்டியலில் கழிப்பறைக்கு ஒரு வரிகூட ஒதுக்காததற்குக் காரணம் அறியாமை என்று சொல்ல முடியாது. வட்டிக்கடை நடத்திய ரங்கூனில் 1890 வாக்கிலேயே, காற்றழுத்தத்தால் கழிவைத் தள்ளும் ஷோன் முறைப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது. வளைந்த குழாயில் தண்ணீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் உத்திக்கு, லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் 1775லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அக்கரைச் சீமை எல்லாவற்றையும் பார்த்தவர்கள் ஊருக்கு வந்து முகப்பில் தேக்குத் தூண் நிறுத்தினார்கள். கழிப்பறையைக் கொல்லையிலேயே விட்டார்கள்.

ஒரு காரணம் தண்ணீர். ஊருணியிலிருந்து குடத்தில் தூக்கிவரும் தண்ணீரைக் குடம் குடமாகக் கழிவுக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? இன்னொரு காரணம் சொல்லக் கூசுவது. எடுப்புக் கக்கூஸை அள்ளுவதற்கென்று சாதியின் பெயரால் மனிதர்கள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் வர, போக பின்வாசல் இருந்தது. அற்பக் கூலிக்கு ஒருவர் வந்து அள்ளிப் போகும்வரை வேறு ஏற்பாடு தேட வீட்டுக்காரருக்கு அவசியம் ஏற்படவில்லை. செட்டிநாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று இது. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) இருந்த சிங்கப்பூரிலேயே மலவாளி எடுக்கும் முறை 1987ல்தான் ஒழிந்தது. நம் நாட்டில் எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் மனிதரைக் கொண்டு அள்ளுவதையும் தடுக்கும் சட்டம் 1993ல் வந்தது. அது பல்லில்லாமல் கிடந்ததால் 2013ல் இன்னொன்று வந்தது.

1927 செப்டம்பரில் செட்டிநாட்டைச் சுற்றிப் பார்த்த காந்தி, மூச்சுவிட இடமில்லாமல் மேசை நாற்காலிகளை அடைத்து வைத்திருந்த மாளிகைகளைக் கண்டு கடிந்துகொண்டார். காண்டிராக்டைத் தம்மிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிட வசதியாக, காற்றோட்டமாக அமைத்துத் தருவதாகவும் சொன்னார். 1901 கல்கத்தா காங்கிரஸில் துடைப்பத்தை எடுத்துத் தாமே கழிப்பறையைச் சுத்தம் செய்தவர் அவர். காண்டிராக்ட் கையில் கிடைத்திருந்தால் வேலையை முகப்பிலிருந்து தொடங்கியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு மோட்டாரும் மேல்தொட்டியும் செப்டிக் டேங்கும் வந்தன. எடுப்புக் கக்கூஸ் இருந்த இடத்திலேயே, குந்தி உட்காரும் பீங்கானைப் பதித்தார்கள். இடம் மாறவில்லை. அந்தப் பீங்கானின் பின்னால் செட்டிநாட்டுக்காரர்கள் பலருக்கே நினைவில்லாத ஒரு சங்கதி உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் பல ஆண்டுகள் க்ளோசெட்டுக்கு மறுபெயராகவே இருந்தது பாரிவேர். ராணிப்பேட்டையில் ஆலை. அதன் தாய்க்கம்பெனியான ஈ.ஐ.டி. பாரியை 1981ல் வாங்கியது முருகப்பா குழுமம். 1900ல் பர்மாவின் மௌல்மெயினில் வட்டிக்கடையாகத் தொடங்கிய, பள்ளத்தூர்க் குடும்பத்தின் தொழில் அது. 2006ல் ஸ்பெயின் நாட்டு ரோக்கா பாரிவேரில் பங்குதாரராக நுழைந்து, 2008ல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஆக, கால் நூற்றாண்டுக் காலம் தமிழ்நாட்டின் கழிப்பறைப் பீங்கானில் கணிசமான பங்கு ஒரு நகரத்தார் குடும்பத்தின் கையில் இருந்தது. தேக்கை இறக்குமதி செய்த ஊர்க்காரர்கள் பீங்கானை ஊரெல்லாம் விற்றார்கள். சொந்த ஊரின் வளவுக்குள் அது நுழைய மட்டும் இத்தனை நாளாகியிருக்கிறது.

“வளவுக்குள்ள வேண்டாம்”

கொத்தனாரும் வீட்டு ஆச்சியும் பேசிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“ஆச்சி, வெஸ்டர்னா, இண்டியனா?”

“முட்டி மடங்கலையேப்பா. உக்கார்ற மாதிரியே போடு. ஆனா வளவுக்குள்ள வேண்டாம்.”

“இந்த உள்ரூம்ல வச்சா படுக்கையிலேருந்து நாலு எட்டுதான் ஆச்சி.”

“சாமி கும்புடுற எடம். பங்காளிக என்ன சொல்லுவாக?”

பங்காளிகள் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு குடும்பத்துக்கு, ஒன்றாகப் பிரிந்து கிடக்கும். வீடு ஒன்று, உரிமையாளர் பலர். முன்னோருக்குப் படைப்பு நடக்கும் இடம், திருமணச் சடங்கு நடக்கும் இடம் எல்லாம் பொது. ஒரு புள்ளியின் அறையில் தோண்டினால் குழாய் அடுத்த புள்ளியின் சுவரைத் தொட்டுத்தான் வெளியே போகும். இந்த ஒப்புதலுக்காகவே வருஷக்கணக்கில் நிற்கும் வேலைகள் உண்டு. ஆச்சியின் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் மாட்டேன். நூறு வருஷச் சுண்ணாம்புச் சுவருக்குப் பக்கத்தில் தினமும் தண்ணீர் ஊற்றுகிற அறை வருவதைப் பற்றி ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லதுதான்.

கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ், கொத்தமங்கலம் சாரதா விலாஸ் போன்ற வீடுகள் விருந்தினர் விடுதிகளானபோது இந்தச் சிக்கல்தான் முதலில் வந்து நின்றது. அறைக்கு ஒரு குளியலறை இல்லாமல் விடுதி நடத்த முடியாது. அந்த வீடுகளோ அப்படிக் கட்டப்பட்டவை அல்ல. விடுதிக்குக் கட்டடக் கலைஞரை வைத்துக்கொள்ள முடியும். ஒற்றை ஆச்சியின் வீட்டில் அந்த இடத்தில் கொத்தனார்தான் இருக்கிறார்.

என் கருத்து இது: வளவை விட்டுவிடுங்கள். இரண்டாங்கட்டின் ஓரத்தில், வெளிச்சுவரை ஒட்டிய களஞ்சிய அறையோ சாமான் அறையோ எல்லா வீட்டிலும் சும்மா கிடக்கும். ஆச்சியின் கட்டிலை அதற்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டால், கழிப்பறை உள்வீட்டுக்கு வந்த மாதிரியும் ஆயிற்று, சாமி இடம் தப்பித்த மாதிரியும் ஆயிற்று. வெளிச்சுவர் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

எஸ்ஸா, பீயா?

க்ளோசெட்டில் கழிவு வெளியேறும் வாய் இரண்டு வகை. தரைக்குள் நேராக இறங்குவது எஸ் டிராப். பின்பக்கமாகச் சுவரைத் துளைத்துப் போவது பி டிராப். பழைய செட்டிநாட்டு வீட்டில் எஸ் டிராப் போட்டால் தரையை உடைக்க வேண்டும்; ஆத்தங்குடிக் கல்லோ பளிங்கோ பதித்த தரையாக இருந்தால், உடைத்த கல்லுக்கு மாற்றுக் கிடைப்பது பாடு. பி டிராப் என்றால் தரை தப்பித்தது. முடிந்த தரையிலிருந்து சுமார் ஏழு அங்குல உயரத்தில் சுவரில் ஒரே ஒரு துளை. அந்தப் பக்கம் வெளிச்சந்து. நாலு அங்குல பி.வி.சி. குழாய் அங்கிருந்து சுவரோரமாகவே தொட்டிக்குப் போய்விடும். நாளை அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்தே திறந்து பார்க்கலாம்.

இந்த வீடுகளின் உயர்ந்த அடித்தளம் இங்கே கைகொடுக்கிறது. கழிவுக்குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி வீதம் சரிவு வேண்டும். தெரு மட்டத்திலிருந்து நாலைந்து அடி உயர்ந்து நிற்கும் வீட்டில் அந்தச் சரிவு தானாகவே கிடைக்கிறது. சமதரை வீடுகளில் இதற்காகவே கழிப்பறையை ஒரு படி ஏற்றிக் கட்டுவார்கள். முட்டிவலிக்காரர்களுக்குக் கட்டும் கழிப்பறைக்கு வாசலில் ஒரு படி வைப்பதைப் போன்ற அபத்தம் வேறில்லை. ஆனாலும் வைக்கிறார்கள்.

வீட்டின் நீளம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு முறைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டரைக் கொட்டியது. இப்போது வருவது மூன்றும் ஆறும். தண்ணீர்ப் பஞ்ச ஊருக்கு நல்லதுதான். ஆனால் அந்த ஆறு லிட்டர், எண்பதடிக் குழாயில் கழிவைக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போகச் சிரமப்படும். பாதி வழியில் தங்கும், காயும், அடைக்கும். எனவே குழாயில் நேர்கோண முழங்கைகளைத் தவிர்த்து, திருப்பம் வேண்டிய இடத்தில் இரண்டு 45 டிகிரி வளைவுகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். நடுநடுவே திறந்து பார்க்கும் சேம்பரும் வேண்டும். அதைவிட நல்லது, தொட்டியையே பக்கத்தில் கொண்டுவருவது.

ஓர் எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டும். வளவின் நடுமுற்றத்தில் விழும் மழைநீர், தரைக்கடியில் கட்டிய மடை வழியாக வெளியேறி, கிணற்றுக்கோ தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்கோ போகும். மழை குறைந்த செம்பூராங்கல் பூமியில் ஊர்களை வாழவைத்த ஏற்பாடு இது. 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றபோது, இந்த நீர் ஏற்பாடும் அவற்றின் சிறப்பாகக் கருதப்பட்டது. தோண்டும்போது இந்த மடை தட்டுப்பட்டால், “ரெடியா லைன் இருக்கு, இதுலயே சேத்துரலாம்” என்று யாராவது சொல்வார்கள். அரை நாள் வேலை மிச்சமாகும். வீட்டின் கழிவு ஊருணிக்குப் போகும். சேர்க்கவே கூடாது.

டேப் முதலில், கடை பிறகு

பழைய வெஸ்டர்னைக் கழற்றிப் புதியது வைக்கிற வேலை, இடம் மாற்றாவிட்டால், ஒரு நாளில் முடிகிற வேலை. அதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே ஓர் அளவு. எஸ் டிராப்பாக இருந்தால், பின்சுவரிலிருந்து தரைக்குழாயின் நடுப்புள்ளி வரை எத்தனை அங்குலம்? நம் கடைகளில் நாலு, ஒன்பது, பன்னிரண்டு அங்குல வகைகள் கிடைக்கின்றன. ஒன்பது என்று நினைத்து வாங்கி வந்து, சுவரில் புது டைல் ஒட்டியபின் எட்டாகிவிட்டால் தொட்டி சுவரில் இடிக்கும். கடைக்காரர் பெட்டி பிரித்ததைத் திரும்ப வாங்க மாட்டார். டைலும் கலவையும் சேர்ந்து எவ்வளவு கனம் வரும் என்று கூட்டி, முடிந்த சுவரிலிருந்து அளப்பதுதான் அளவு.

கழற்றும்போது ஆங்கிள் காக்கை அடைத்து, தொட்டியைக் காலிசெய்து, கோப்பைக்குள் மிஞ்சிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நம் ஊரில் முன்பு வைத்தவர் தாராளமாகச் சிமெண்ட் போட்டு இறுக்கியிருப்பார். முழுசாகக் கழற்றும் ஆசையை விட்டுவிட்டு, சாக்கைப் போர்த்தி உடைத்து எடுப்பதுதான் வழி. உடைக்கும்போது கண்ணாடி அணியாதவரை வேலைக்கு விடாதீர்கள். பீங்கான் சில்லு கண்ணுக்குத்தான் பாயும். கோப்பை போனதும் திறந்து கிடக்கும் குழாய்வாயில் உடனே துணிப்பந்து திணிக்க வேண்டும். நாற்றத்துக்காக மட்டும் அன்று. அந்த வாயில் விழுகிற ஒரு செங்கல் துண்டு பின்னால் முழுக் குழாயையும் தோண்ட வைக்கும்.

குந்தும் பீங்கானை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைப்பது வேறு வேலை. பீங்கானும் அதன் டிராப்பும் தரைக்குள் புதைந்திருக்கும். சுற்றிலும் செங்கல் ஜல்லி நிரப்பியிருப்பார்கள். எல்லாவற்றையும் அள்ளி, குழாயை மாற்றி, மறுபடி நிரப்பி, தண்ணீர் ஒழுகாமல் பூசி, தரை போட வேண்டும். தரையை மூடுவதற்கு முன் பத்துக் குடம் தண்ணீரை ஊற்றி இணைப்புகளைக் கையால் தடவிப் பாருங்கள். மூடிய பிறகு தெரியும் ஈரம், சுவரில் தெரியும் ஈரம்.

புதியதை வைக்கும்போது ரசமட்டம் பிடித்துப் பார்த்து, துளையிட்டு, திருகாணியை இருபக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். வலுவாக இருக்கட்டும் என்று ஒரு சுற்று அதிகம் முடுக்குகிற கையில் பீங்கான் விரியும். அடியில் சிமெண்டைக் கொட்டிப் பதிப்பவர்களைத் தடுத்து, சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். பின்பக்கம் இரண்டு அங்குலம் பூசாமல் விடச் சொல்லுங்கள். உள்ளே கசிந்தால் அந்த வழியாக வெளியே தெரியவேண்டும். எல்லாம் முடிந்தபின் ஃப்ளஷ் தொட்டிக்குள் சொட்டு நீலம் விட்டு அரைமணி நேரம் யாரும் தொடாமல் பாருங்கள். கோப்பைத் தண்ணீர் நீலமானால் வால்வு ஒழுகுகிறது. கொத்தனார் கிளம்புவதற்குள் சொல்லிவிடலாம்.

சுவரில் தொங்கும் மாடல் மீது இப்போது எல்லோருக்கும் கண். தொட்டி சுவருக்குள் ஒளிந்திருக்கும், பார்க்க அழகு. சுண்ணாம்புச் சுவரை வெட்டி அதைப் புதைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வேண்டுமென்றால் பழைய சுவருக்கு முன்னால் தனியாக ஒரு மெல்லிய சுவர் எழுப்பி, அதற்குள் தொட்டியை வைக்கலாம். பழைய சுவரில் ஈரம் பட்ட இடத்தில் சிமெண்ட் பூசி மறைப்பதும் கெடுதல். சுண்ணாம்பு மூச்சுவிடும், சிமெண்ட் விடாது. உள்ளே மாட்டிய ஈரம் வேறிடத்தில் உப்பாகப் பொரிந்து, முட்டை வெள்ளைக்கருவெல்லாம் சேர்த்து மெருகேற்றிய பூச்சை உதிர்க்கும்.

ஆச்சிக்காகச் செய்கிற வேலை என்பதை மறக்க வேண்டாம். உட்காரும் உயரம் பதினாறு அங்குலத்துக்குக் குறையாமல், முடிந்தால் பதினெட்டு. கைப்பிடியை உட்கார்ந்து எழுகிற கைக்கு எட்டும் இடத்தில், பிளாஸ்டரில் இல்லாமல் செங்கல்லில் இறங்கும் திருகாணியோடு பொருத்த வேண்டும். நிலைப்படி வேண்டாம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர்கள் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

பூட்டிய வீடும் கல்யாண வீடும்

செட்டிநாட்டுக் கழிப்பறைக்கென்றே ஒரு நோய் உண்டு. வருஷத்தில் பத்து மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். டிராப்பின் வளைவில் தேங்கியிருக்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் தொட்டியின் வாயுவுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரே கதவு. சிவகங்கைச் சீமை வெயிலில் அது சில மாதங்களில் வற்றிவிடும். அப்புறம் வாயுவும் கரப்பானும் தாராளமாக மேலே வரும். ஒரு வருஷம் கழித்துக் கதவைத் திறப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, டேங்க் நிறைந்துவிட்டது என்று லாரியைக் கூப்பிடுகிறார்கள். பல சமயம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தீர்ந்துவிடும். பூட்டுவதற்கு முன் டிராப் தண்ணீரின் மேல் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போங்கள். மேலே படலமாக நின்று தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். தரையிலுள்ள நீர்வாய்க்கும் இதே வைத்தியம்தான். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை எல்லாக் கழிப்பறையிலும் தண்ணீர் ஊற்றச் சொல்வது இன்னும் நல்லது.

அடுத்தது நேர்எதிர் நோய். அறுபதாம் கல்யாணச் சாந்தி, கல்யாணம், படைப்பு என்று வந்தால் மூன்று நாளைக்கு முந்நூறு பேர். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் செப்டிக் டேங்கின் அளவு, ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம். அதாவது ஆயிரத்து நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். முந்நூறு பேர் ஆளுக்கு மூன்று முறை, முறைக்கு ஆறு லிட்டர் என்று போட்டால் நாளைக்கு 5,400 லிட்டர். கழிவு அடியில் படியவே ஒரு நாளாவது தொட்டியில் தங்க வேண்டும்; இந்த வேகத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தங்காது. கலங்கல் அப்படியே வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். விருந்தினர் ஊருக்குப் போன பிறகுதான் குழி பொங்கும். சமையலுக்கு ஆளும் பந்தலும் வெளியிலிருந்து வருகின்றன. விசேஷத்துக்கு நடமாடும் கழிப்பறைகளையும் வாடகைக்கு எடுத்துக் கொல்லையில் நிறுத்துவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தெரியாத பாதி

செப்டிக் டேங்க் என்ற பெயரில் ஊர்களில் இருப்பவற்றில் பல, உறை இறக்கிய வெறும் குழிகள்தான். அடி திறந்திருக்கும், தடுப்புச் சுவர் கிடையாது. நிறையவே மாட்டேன் என்கிறது என்று வீட்டுக்காரருக்குப் பெருமை வேறு. நிறையாத குழி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கிணற்றைத்தான் கேட்க வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது தர நிர்ணயம். கட்டடத்திலிருந்து ஆறு மீட்டர். பின்கட்டில் கிணறு, அதற்குப் பக்கத்திலேயே பழைய கக்கூஸ் என்பதுதான் இங்கே வழக்கமான அமைப்பு. நீளமான மனையாகையால் அறுபதடி தள்ளிப் போக இடம் இருக்கும். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்தால்தான் கணக்கு சரி. தண்ணீர் அதிகம் ஊற்றாத வீட்டுக்கு, பிந்தேஸ்வர் பதக்கின் சுலப் இயக்கம் 1970 முதல் பரப்பிய இரட்டைக் குழி முறையும் நல்லது. ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, முதலாவதை மக்கவிடலாம். தண்ணீரே வேண்டாத வழியும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. முசிறியில் பொது ஈகோசான் கழிப்பறை வைத்து, மலத்தையும் சிறுநீரையும் பிரித்து உரமாக்கிக் காட்டிய ஸ்கோப் நிறுவனத்தின் மாராச்சி சுப்புராமனுக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தொட்டியைக் கெடுக்கும் இன்னொன்று ஆசிட். போர்த்தண்ணீரின் உப்பு கோப்பையில் வெள்ளை வெள்ளையாகப் படியும். உடனே ஆசிட்டைக் கொட்டுவார்கள். கழிவைத் தின்று கரைக்கும் கிருமிகள் தொட்டியில் செத்துவிடும், சிமெண்ட் இணைப்பு அரிக்கும், ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் நிறமே போய்விடும். வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்த்தால் படிவே வராது.

தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காலிசெய்ய வேண்டும். உரிமம் பெற்ற லாரிதான் வர வேண்டும்; 14420 என்ற எண் இதற்காகவே இருக்கிறது. மோட்டார் உறிஞ்சாத அடிக்கசடை எடுக்க ஓர் ஆளை உள்ளே இறக்கட்டுமா என்று கேட்பார்கள். ஐந்து நிமிட வேலைதான் என்பார்கள். மூடியைத் திறந்து வைத்தாலும் உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கியிருக்கும். ஒருவர் மயங்க, தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவதுதான் இந்தச் சாவுகளில் திரும்பத் திரும்ப நடப்பது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் விதித்தது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. 2013 சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது வீட்டுக்காரருக்கும் சிறைக் குற்றம். எடுப்புக் கக்கூஸ் போய்விட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அள்ளுகிற வேலை தரைக்கு மேலிருந்து தரைக்குக் கீழே போயிருக்கிறது. பெரும்பாலும் அதே தெருக்காரர்கள்தான் இறங்குகிறார்கள்.

லாரி வந்து நின்ற பிறகு தொட்டி எங்கே என்று தேடுகிற வீடுகள் செட்டிநாட்டில் நிறைய. மூடியின் மேல் தளம் போட்டிருப்பார்கள், அல்லது தொழுவத்தை இடித்துத் தள்ளிய மண் கிடக்கும். கட்டிய கொத்தனாரும் இருக்க மாட்டார், கட்டச் சொன்ன அப்பச்சியும் இருக்க மாட்டார். எனவே புதுக் கழிப்பறை வேலை நடக்கும்போது, குழாயை மண்ணால் மூடுவதற்கு முன் டேப்பைக் கிடத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: தொட்டி மூடி பின்வாசல் நிலையிலிருந்து எத்தனை அடி, சேம்பர்கள் எங்கெங்கே, மழைநீர் மடை எந்தப் பக்கம் போகிறது. அந்தப் படங்களைப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே அவை புதைந்து போகாமலிருக்க, ஒரு பிரதி அச்செடுத்து வீட்டுச் சாவி வைத்திருப்பவரிடமும் கொடுத்துவைக்கலாம்.